மீனின் துடுப்பும் நீரின் நலமும்

நோயாளியை நாவை நீட்டச் சொல்லிப் பார்க்கும் மருத்துவர், நாவுக்கு வைத்தியம் செய்வதற்காக அதனைப் பார்ப்பதில்லை. உடலின் உள்ளே நடப்பதை நா காட்டிக் கொடுக்கும் என்பதற்காகவே பார்க்கிறார். கண்ணாடித் தொட்டியில் வளரும் மீனுக்கு அத்தகைய நாவாக அமைந்திருப்பது அதன் துடுப்பு. துடுப்பின் ஓரம் கரைந்தாலும், நடுவே கிழிந்தாலும், விரியாமல் மடங்கிக் கிடந்தாலும், அது பெரும்பாலும் மீனைச் சூழ்ந்துள்ள நீரைப் பற்றிய செய்தியே ஆகும். இவ்வுண்மையை அறியாமையால், வீடுகளில் வளரும் மீன்கள் பல, வளர்ப்பவரின் அன்புக்கும் அவசர மருந்துக்கும் பலியாகின்றன.

மீனைப் பற்றி வடசென்னை மக்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. காசிமேட்டுத் துறைமுகத்தில் விடியற்காலையில் வந்திறங்கும் மீனை, கண்ணைப் பார்த்தும் செவுளைத் தூக்கிப் பார்த்தும் தரம் அறிகிறவர்கள் அவர்கள். எனினும் அதே இராயபுரத்திலும், தண்டையார்ப்பேட்டையிலும், திருவொற்றியூரிலும் பல வீடுகளின் அலமாரி மீது, ஒரு கண்ணாடிப் புட்டியில், நீண்ட பட்டுத் துணி போன்ற வாலை அசைத்துக்கொண்டு ஒற்றை மீன் ஒன்று நிற்பதைக் காணலாம். கொளத்தூரில் உள்ள வண்ண மீன் கடைகளிலிருந்து வாங்கி வரப்பட்டது அது. கடைக்காரர் அதனை ‘ஃபைட்டர்’ என்பார். நூல்கள் ‘சயாமியச் சண்டை மீன்’ என்றும் ‘பெட்டா’ என்றும் கூறும். உயிருள்ள மீனின் நலத்தை அறியும் கலை, இறந்த மீனின் தரத்தை அறியும் கலையிலிருந்து வேறுபட்டது. அந்தக் கலையின் முதற் பாடங்களை இங்கே காண்போம்.

இம்மீனின் தாயகம், சயாம் என்று முன்னாளில் வழங்கிய தாய்லாந்து நாடு. அங்கே நெல்வயல்களிலும், சதுப்பு நிலங்களிலும், மெல்ல நகரும் கால்வாய்களிலும் இது இயற்கையாக வாழ்கிறது. மனிதர் இதனைப் பிடித்து வளர்க்கத் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளேனும் ஆகியிருக்க வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்றின் முடிவு. 1849ஆம் ஆண்டில் தியோடர் கான்டர் என்னும் அறிஞர் இம்மீனைப் பற்றி எழுதியபோது, வேறொரு மீனுக்குரிய பெயரால் இதனைக் குறித்துவிட்டார். அக்குழப்பத்தை நீக்கி, 1910ஆம் ஆண்டில் சார்லஸ் டேட் ரீகன் என்னும் மீனியல் அறிஞர் இதற்கு ‘பெட்டா ஸ்பிளெண்டென்ஸ்’ என்று பெயரிட்டார். பின்னுள்ள சொல்லுக்கு ‘ஒளி மிக்கது’ என்பது பொருள். 2019ஆம் ஆண்டில் தாய்லாந்து அரசு இதனைத் தன் தேசிய நீர்வாழ் உயிராக அறிவித்தது.

சயாமிலிருந்து வந்ததாயினும் இம்மீனின் சுற்றத்தார் நம் நாட்டிலும் உளர். நம் ஏரி குளங்களில் வாழும் பனையேறிக் கெண்டை அவற்றுள் ஒன்று. 1791ஆம் ஆண்டு நவம்பரில், தரங்கம்பாடியில் டேனியர் பணியில் இருந்த டால்டார்ஃப் என்னும் படை அலுவலர், பனைமரத்தின் அடிப்பகுதியில் இம்மீன் ஏறி நிற்பதைக் கண்டதாக எழுதினார். அது தானாகவே மரமேறியதா என்பதைப் பின்வந்த அறிஞர்கள் ஐயுற்றனர். ஆனால் நீரை விட்டு வெளியே வந்தும் அது நெடுநேரம் உயிரோடிருக்கும் என்பதை ஒருவரும் மறுக்கவில்லை. புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பத்து ஆற்றில் கிடைத்தமையால் ‘குபானஸ்’ என்று அறிவியற் பெயர் பெற்ற சிறுமீனும் இக்குடும்பத்தைச் சார்ந்ததே.

இச்சுற்றத்தார் அனைவருக்கும் பொதுவான சிறப்பு ஒன்று உண்டு. செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பாக, இரத்தக் குழாய்கள் நிறைந்த உறுப்பொன்று இவற்றுக்கு அமைந்துள்ளது. மீன் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கி, அவ்வுறுப்பின் வழியாகப் பிராணவாயுவைப் பெறுகிறது. பிராணவாயு குறைந்த வெதுவெதுப்பான வயல் நீரில் வாழ்வதற்கு இயற்கை அளித்த ஏற்பாடு இது.

இந்தச் சிறப்பே இம்மீனுக்குத் தீங்காகவும் முடிந்தது. ‘இதற்குக் காற்றுக்குழாய் வேண்டா, கையளவு நீர் போதும்’ என்று எண்ணி, அதனைச் சிறு புட்டியில் அடைத்துவிடுகின்றனர். இங்கே ஒரு பிழை நேர்கிறது. மூச்சு விடுவது வேறு. கழிவோடு வாழ்வது வேறு. காற்றை விழுங்கும் மீனும் நீரிலேதான் உண்கிறது, நீரிலேதான் கழிக்கிறது. வயல் நீர் ஆழமற்றதாயினும் பரப்பில் அகன்றது. மண்ணும் செடியும் நுண்ணுயிர்களும் அதன் கழிவை ஓயாது உண்டு தீர்க்கின்றன. புட்டியில் அவ்வாறு தீர்ப்பார் எவரும் இல்லை. ஒரே கழிவு 2 லிட்டர் நீரில் கலந்தால், 20 லிட்டர் நீரில் கலப்பதைப்போலப் பத்து மடங்கு செறிவாகும் என்பது எளிய கணக்கு.

இனித் துடுப்பின் அமைப்பை நோக்குவோம். துடுப்பு என்பது மெல்லிய எலும்புக் கதிர்களுக்கு இடையே தோல் போன்ற சவ்வு விரிந்து நிற்கும் ஓர் உறுப்பு. குடைக் கம்பிகளின்மேல் துணி விரிந்திருப்பது போன்றது. அச்சவ்வினூடே நுண்ணிய இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. காட்டில் வாழும் சண்டை மீனுக்குத் துடுப்புகள் குட்டையானவை. கடையில் நாம் காணும் ஆண்மீனின் நெடிய துடுப்புகள், மனிதர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை. உடலிலிருந்து இவ்வளவு தொலைவு நீண்டு, சவ்வாக மெலிந்து, நாற்புறமும் நீரில் தோய்ந்திருப்பதால், நீரில் ஒரு தீமை தோன்றினால் அதனை முதலில் உணர்வது துடுப்பின் ஓரமே. ஆயினும் ஒரு நற்செய்தி உண்டு. துடுப்புக்கு மீண்டும் வளரும் ஆற்றல் உளது. அடிப்பகுதி வரை அழியாதவரையில், இழந்த பகுதியை மீன் தானே நெய்துகொள்ளும்.

துடுப்பில் காணும் குறைகள் எல்லாம் ஒரே காரணத்தால் வருவன அல்ல. நால்வகையாக அவற்றைப் பிரித்தறியலாம்.

முதலாவது, கிழிசல். நேற்று மாலை முழுமையாக இருந்த துடுப்பில் இன்று காலை நேரான ஒரு பிளவு காணப்படும். ஓரத்தில் நிறமாற்றம் இராது. பிளாஸ்டிக் செடியின் கூரிய இலையோ, வடிகட்டியின் உறிஞ்சும் வாயோ இதற்குக் காரணமாகும். கால்விரலில் அணியும் மெல்லிய காலுறை ஒன்றைச் செடியின்மேல் உரசிப் பாருங்கள். காலுறையின் நூலைப் பிடித்திழுக்கும் செடி, மீனின் துடுப்பையும் கிழிக்கும்.

இரண்டாவது, மீன் தன் வாலைத் தானே கடித்தல். இதில் அரைவட்டமாகத் துண்டு துண்டாக வால் குறைந்திருக்கும். குறுகிய இடமும், கண்ணாடியில் தெரியும் தன் நிழலும், ஓயாத ஒளியும் மீனை இந்நிலைக்குத் தள்ளுகின்றன. வாலின் பாரமே தாங்காமல் கடிக்கும் மீன்களும் உண்டு.

மூன்றாவது, துடுப்பழுகல். இதுவே நோய் எனத்தக்கது. ஓரம் சிறிது சிறிதாகக் கரையும்; கரைந்த விளிம்பு வெண்மையாகவோ, கருமையாகவோ, செந்நிறமாகவோ தோன்றும். ஏரோமோனாஸ், சூடோமோனாஸ் முதலிய நுண்ணுயிர்கள் இதனைச் செய்கின்றன. ஆனால் இவை எங்கிருந்தோ படையெடுத்து வந்த பகைவர் அல்ல. நல்ல நீரிலும் இவை உள்ளன. நலமுள்ள மீனை இவை ஒன்றும் செய்வதில்லை. நீர் கெட்டு, மீனின் தோலில் உள்ள கொழகொழப்பான காப்பு தளர்ந்த பின்னரே இவை உள்ளே புகுகின்றன. பூட்டிய வீட்டில் திருடன் நுழைவதில்லை; கதவைத் திறந்து வைத்தது நீரே.

நான்காவது, மடங்கிய துடுப்பு. கிழிசலும் அழுகலும் இன்றி, மீன் தன் துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொண்டு அடியில் சோர்ந்து கிடக்கும். ‘இந்த நீர் எனக்கு ஒவ்வவில்லை’ என்பதே அதன் பொருள். அழுகல் தொடங்குமுன் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை இது.

நீர் ‘கெடுதல்’ என்று கூறினோம். தெளிவாகக் கண்ணாடி போலத் தோன்றும் நீர் எவ்வாறு கெட்டதாகும்? இங்கேதான் வேதியியல் நமக்கு உதவுகிறது. மீன் உண்ட புரதத்தின் கழிவு, பெரும்பாலும் செவுள்களின் வழியாக அம்மோனியாவாக வெளியேறுகிறது. தின்னாது விட்ட உணவு அழுகியும் அம்மோனியா பிறக்கிறது. அதற்கு நிறமில்லை. சிறிய அளவில் மணமும் இல்லை. ஆனால் அது செவுளையும் துடுப்பின் ஓரத்தையும் எரிக்கும்.

இயற்கை இதற்கு மாற்று வைத்திருக்கிறது. ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. மற்றொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. 1890ஆம் ஆண்டையொட்டி இவ்வுயிர்களின் வேலையை ஆராய்ந்து விளக்கியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்னும் ருஷ்ய அறிஞர். அம்மோனியாவும் நைட்ரைட்டும் நஞ்சு. நைட்ரேட் அவற்றை நோக்கத் தீங்கு குறைந்தது. இந்நுண்ணுயிர்கள் கூழாங்கல்லின் மேலும் வடிகட்டும் பஞ்சின் உள்ளும் குடியேற, ஏறக்குறைய 4 முதல் 6 வாரங்கள் ஆகின்றன. எனவே புதிய தொட்டியில் முதல் மாதமே மீனுக்குக் கண்டம். தொட்டியைக் ‘கழுவிச் சுத்தமாக்குகிறேன்’ என்று கல்லையும் பஞ்சையும் குழாய் நீரில் தேய்த்துக் கழுவுபவர், இந்த நல்லுயிர்களைக் கொன்று அந்தக் கண்டத்தை மறுபடியும் வரவழைக்கிறார். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுதல் வேண்டும்.

அம்மோனியாவின் நஞ்சு, நீரின் காரத்தன்மையைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. நீரில் அது இரு வடிவங்களில் நிற்கும்: நஞ்சான அம்மோனியாவாகவும், ஏறத்தாழத் தீங்கற்ற அம்மோனியமாகவும். 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில், பி.எச். எண் 7 ஆன நடுநிலை நீரில் நஞ்சு வடிவம் நூற்றுக்கு ஒரு பங்கும் இல்லை, ஏறக்குறைய 0.6 பங்கே. பி.எச். 8 ஆனால் அது 5 பங்குக்கு மேலாகிறது. பி.எச். 9 ஆனால் 36 பங்காகிவிடுகிறது. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அம்மோனியா உள்ள நீரை எடுத்துக்கொள்வோம். பி.எச். 7இல் அதில் நஞ்சின் அளவு 0.006 மில்லிகிராம், பி.எச். 8இல் 0.054 மில்லிகிராம். நஞ்சு வடிவம் 0.02 மில்லிகிராமைத் தாண்டாதிருத்தல் நலம் என்பர். ஆகவே அதே கழிவு, ஒரு நீரில் பொறுக்கத்தக்கதாகவும் மற்றொரு நீரில் உயிருக்குக் கேடாகவும் முடிகிறது.

‘பல நாள் மாற்றாத நீரில் நன்றாக இருந்த மீன், நல்ல நீர் ஊற்றியவுடன் இறந்துவிட்டதே!’ என்று பலர் வியப்பதற்கு இதுவே விடை. நெடுநாள் தேங்கிய நீர் மெல்ல மெல்ல அமிலத்தன்மை அடைகிறது. அதில் கழிவு எல்லாம் தீங்கற்ற அம்மோனியமாகச் சேர்ந்து கிடக்கிறது. அதனோடு காரத்தன்மை மிகுந்த கிணற்று நீரைப் பாதியளவு சேர்த்தால், எஞ்சிய அம்மோனியம் ஒரே நொடியில் நஞ்சாக உருமாறுகிறது. இத்தகைய பழைய நீரை, முதல் நாள் பத்தில் ஒரு பங்கு, மறுநாள் பத்தில் ஒரு பங்கு என்று மெல்ல மாற்றுதலே அறிவுடைமை. அதனினும் மேலானது, நீரை அந்நிலைக்கு வரவிடாமல் வாரந்தோறும் கால்பங்கு மாற்றி வருதல். வெயிலில் வற்றிய அளவுக்கு நீர் ஊற்றுவது மாற்றுதல் ஆகாது. வற்றுவது நீர் மட்டுமே. உப்பும் கழிவும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன.

எந்த நீரை ஊற்றுவது? வடசென்னையில் இக்கேள்வி மிகவும் பொருத்தமானது. ஒரே தெருவில் நான்கு வகை நீர் புழங்கும் பகுதி இது.

குழாயிலும் லாரியிலும் வரும் குடிநீர் ஒருவகை. இதன் ஒரு பகுதி, மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுடைய கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருகிறது. குடிநீரில் கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கப்படுகிறது. நமக்குக் காப்பான அந்தக் குளோரின், மீனின் செவுளுக்கும் தொட்டியின் நல்லுயிர்களுக்கும் கேடு. அகன்ற வாயுள்ள வாளியில் ஒரு நாள் முழுதும் திறந்து வைத்தால் அது ஆவியாகிவிடும். அவசரமாயின், சோடியம் தயோசல்பேட் கரைசலைக் கடையில் சொல்லும் அளவில் சேர்க்கலாம். ‘ஆன்ட்டி குளோரின்’ என்று விற்கப்படும் சொட்டு மருந்து பெரும்பாலும் இதுவே.

இரண்டாவது, கிணற்று நீரும் ஆழ்துளைக் குழாய் நீரும். கடற்கரையை ஒட்டிய இப்பகுதிகளில், நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்தமையால் கடல்நீர் உள்ளே புகுந்துள்ளது. மீஞ்சூர்ப் பகுதியில் அரை நூற்றாண்டுக்கு மேலாக அறியப்பட்ட குறை இது. பல இடங்களில் நீர் கரிக்கிறது, சோப்பு நுரைப்பதில்லை. இத்தகைய நீரில் காரத்தன்மையும் மிகுதி. சிறிதளவு கரிப்பை இம்மீன் தாங்கும்; ஆனால் நிலையாக அந்நீரில் வைப்பது நன்றன்று.

மூன்றாவது, புட்டிகளில் விற்கும் சுத்திகரித்த நீர். இதில் தாதுப்பொருள்கள் பெரிதும் நீக்கப்பட்டிருப்பதால், இதனை மட்டும் ஊற்றினால் நீரின் பி.எச். நிலைகொள்ளாமல் விரைவில் சரியும். குளோரின் நீங்கிய குழாய் நீரோடு கலந்து பயன்படுத்தலாம். நான்காவது மழைநீர். அதற்கும் இக்குறை உண்டு. அன்றியும், ஆலைப் புகை நிறைந்த பகுதியில் கூரையின் தூசியைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழையைத் தொட்டியில் சேர்க்கலாகாது.

சுருங்கச் சொன்னால், இம்மீனுக்கு 15 முதல் 20 லிட்டர் நீர் கொள்ளும் தொட்டியும், 25 முதல் 28 பாகை வெப்பமும், 6.5 முதல் 7.5 வரையிலான பி.எச். எண்ணும் ஏற்றவை. இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே உணவிட வேண்டும். கோடையில் தகரக் கூரையின் கீழ் நீர் கொதிநிலை நோக்கிப் போவது போல் சூடேறும். தொட்டியைச் சன்னலிலிருந்து அகற்றி, வீட்டின் குளிர்ந்த மூலையில் வைத்தல் வேண்டும்.

இவ்வளவும் அறிந்த பின், நோயுற்ற மீனுக்குச் செய்ய வேண்டுவன எளிதில் விளங்கும்.

முதலில் நீரைச் சோதியுங்கள். அம்மோனியா, நைட்ரைட், பி.எச். ஆகியவற்றை நிறமாற்றத்தால் காட்டும் சோதனைப் பெட்டிகள் வண்ண மீன் கடைகளில் கிடைக்கின்றன. பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் கற்ற பாடத்தை வீட்டில் செய்து பார்க்க இதனினும் நல்ல வாய்ப்பு இல்லை.

இரண்டாவதாக, அதே வெப்பமும் குளோரின் நீங்கிய தன்மையும் உள்ள நீரைக் கொண்டு, நாள்தோறும் கால்பங்கு நீரை மாற்றுங்கள். நெடுநாள் மாற்றாத தொட்டியாயின், முன்பு கூறியபடி பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்குக. அடியில் தங்கிய கழிவைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்துவிடுக. கிழிசலும் தொடக்க நிலை அழுகலும் பெரும்பாலும் இந்த ஒரு செயலாலேயே ஆறத் தொடங்கும்.

மூன்றாவதாக, கல் உப்பு. லிட்டருக்கு ஒரு கிராம் என்பது அளவு; 10 லிட்டருக்கு ஏறத்தாழ இரண்டு சிறு கரண்டி. அதனைத் தனியே கரைத்து, ஒரு நாள் முழுவதிலும் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். உப்பு, மீனின் உடலுக்கும் நீருக்கும் இடையே உள்ள உப்புச் சமநிலையைக் காக்கும் உழைப்பைக் குறைக்கிறது. நைட்ரைட் உடலுள் புகுவதையும் தடுக்கிறது. நீர் மாற்றும்போது, எடுத்த நீரில் இருந்த அளவு உப்பை மட்டுமே திரும்பச் சேர்க்க வேண்டும். பத்து நாளுக்கு மேல் நீட்டிக்கலாகாது. கரிக்கும் கிணற்று நீரைப் பயன்படுத்துகிறவர் மேலும் உப்பைச் சேர்த்தல் கூடாது.

நான்காவதாக, நம் தெருவிலேயே கிடைக்கும் ஒரு பொருள்: நாட்டு வாதுமை இலை. பள்ளி வளாகங்களில் நிழல் தரும் அம்மரத்தைப் பலர் பாதாம் மரம் என்பர். மருந்து தெளிக்காத, வாகனப் புகை படியாத இடத்து மரத்திலிருந்து தானாக உதிர்ந்து உலர்ந்த இலையைக் கழுவி, 20 லிட்டருக்கு ஓர் இலை வீதம் இடலாம். நீர் தேயிலைச் சாற்றின் நிறம் பெறும். இலையின் துவர்ப்புப் பொருள்கள் பி.எச். எண்ணைச் சற்றே தாழ்த்தி, நுண்ணுயிர்களின் பெருக்கத்தையும் ஓரளவு தடுக்கின்றன. தென்கிழக்காசிய மீன் வளர்ப்போர் நெடுங்காலமாகக் கையாளும் முறை இது. ஆயினும் இலை துணையே; அழுக்கு நீரை அது நல்ல நீராக்காது.

ஐந்தாவதும் கடைசியுமானது மருந்து. அழுகல் நாள்தோறும் உடலை நோக்கி முன்னேறினாலோ, பஞ்சு போன்ற வெண்மை படர்ந்தாலோ, மீன் உணவை மறுத்தாலோ மருந்து தேவை. மெத்திலீன் நீலம் போன்றவற்றைத் தொட்டியில் ஊற்றினால் நல்லுயிர்களும் மடியும். ஆதலால் மீனைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றியே மருந்திட வேண்டும். மனிதருக்கான மாத்திரைகளைப் பொடி செய்து போடும் பழக்கம் பெருந்தவறு. அளவறியாமல் இடும் நுண்ணுயிர்க் கொல்லி, மீனைக் காக்காமல், மருந்துக்கு அடங்காத கிருமிகளையே வளர்க்கும். அந்நீர் சாக்கடை வழியே கால்வாயை அடையும்போது, கேடு தெருவெங்கும் பரவும். வேப்பேரியில் 1903ஆம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும், பொன்னேரியில் உள்ள மீன்வளக் கல்லூரியும் இப்பகுதிக்கு அணித்தே உள்ளன. உயிரியல் பயிலும் மாணவர்கள், மீன் மருத்துவமும் ஒரு முறையான கல்வி என்பதை அறிந்துகொள்வது நன்று.

சிகிச்சை பலித்ததா என்பதை எப்படி அறிவது? துடுப்பின் ஓரத்தில், கண்ணாடி போல நிறமற்ற மெல்லிய சவ்வு தோன்றும். அதனை அழுகலின் வெண்மை என்று மயங்கி மீண்டும் மருந்திடுபவர் உண்டு. ஓரம் சீராகவும் ஒளி ஊடுருவுவதாகவும் இருந்தால், அது புதிய வளர்ச்சி. நிறம் பின்னால் வந்து சேரும். வாரக்கணக்கில் பொறுத்திருப்பதே அப்போது நாம் செய்யத்தக்க உதவி.

தொட்டி மீனுக்கு இத்துணை ஆராய்ச்சியா என்று சிலர் கேட்கலாம். இந்தத் தொட்டியில் கற்ற பாடம் தொட்டியோடு நின்றுவிடுவதில்லை. கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகமும் மீன்கள் வாழும் ஒரு தொட்டியே. அனல்மின் நிலையங்களின் சாம்பலும் சூடான நீரும் அதில் சேர்ந்துள்ளன. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய் அக்கழிமுகத்தில் படர்ந்தது. மீனவர்கள் வலை வீசிய கைகளால் எண்ணெயை அள்ளினர். அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பத்தை அடுத்த கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வீடுகளை விட்டு வெளியேறினர். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்னும் வரம்பு இருக்க, கடல்நீரில் 49 மில்லிகிராம் அம்மோனியா இருந்ததாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அறிவித்தது.

கடல்நீரின் பி.எச். எண் 8ஐ ஒட்டியது என்பதை நினைவு கூர்ந்து, முன்பு கண்ட கணக்கை மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். புட்டியில் வாடிய ஒரு மீனின் துடுப்பை எரித்த அதே பொருள்தான், அன்றிரவு ஓர் ஊரின் கண்ணையும் தொண்டையையும் எரித்தது. அளவு வேறு, வேதியியல் ஒன்றே.

ஆயினும் ஒரு பெரும் வேறுபாடு உண்டு. தொட்டி நீரை நாம் நாளைக் காலையே மாற்றிவிடலாம். கழிமுகத்தின் நீரை எவராலும் வாளியில் மொண்டு மாற்ற இயலாது. அதில் சேரவிடாமல் தடுப்பது ஒன்றே வழி. நம் பங்கும் அதில் உண்டு. மருந்து கலந்த தொட்டி நீரைப் பக்கிங்காம் கால்வாயில் கொட்டலாகாது. வளர்த்துச் சலித்த மீனை ஏரியில் விடுவதும் அறம் ஆகாது. அவ்வாறு விடப்பட்ட அயல்நாட்டு உறிஞ்சுவாய்க் கெளுத்தி இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகள் பலவற்றில் பெருகி, நாட்டு மீன்களின் உணவையும் இடத்தையும் பறித்துக்கொண்டிருக்கிறது.

மீனைப் பேணுவோர் உண்மையில் பேணுவது நீரையே. நீர் நலமாயின் துடுப்பு தானே விரியும். துடுப்பு வாடினால், மருந்துக் கடையை நோக்கி ஓடுமுன் நீரை நோக்குங்கள். அது எங்கிருந்து வந்தது, எதைச் சுமந்து வந்தது, எத்தனை நாளாகத் தேங்கியது என்று கேளுங்கள். இக்கேள்விகளைத் தொட்டியின்முன் நின்று கேட்கப் பழகிய மாணவர், நாளை ஆற்றின் கரையிலும் கடலின் கரையிலும் நின்று அவற்றைக் கேட்பார். அப்படிக் கேட்பவர்கள் வடசென்னைக்கு இன்று பெரிதும் வேண்டப்படுகின்றனர்.